சிநேகிதருக்குத் திவசம் செய்யலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றில் இருக்கிறோம். லண்டனில் வளர்ந்த என் அக்காவின் மகன், வயது 38, மூன்று மாத லீவில் எங்களோடு வந்து நிற்கிறார். இளம் வயதில் பிரித்தானிய ஆமியில் சேர்ந்து ஆப்கானிஸ்தானுக்குப் போனவர். அங்கே ஹெல்மண்டில் ரோட்டோரம் புதைத்து வைத்த குண்டு வெடித்து, இவரோடு நடந்துபோன இரண்டு பொடியன்கள் செத்துவிட்டார்கள். இவர்தான் டிடெக்டர் பிடித்துக்கொண்டு முன்னால் போனவராம். இது நடந்து பதினைந்து வருஷத்துக்கு மேல். இவர் ஆமியை விட்டே கனகாலம். ஆனால் ஒவ்வொரு யூலையும் ஆள் மாறிவிடுவார் என்று அக்கா சொல்கிறாள். இப்போது அதைக் கண்ணால் பார்க்கிறேன். இரவில் கத்துகிறார், தனியே இருந்து குடிக்கிறார், தெருவில் குப்பைப் பையைக் கண்டால் நடு ரோட்டுக்குப் போய்விடுகிறார். "மறந்திடு தம்பி" என்று சொன்னேன். அன்று இரவு இரண்டு மணிக்குத்தான் வீடு வந்தார். போன கிழமை அவராகவே, "அவங்களுக்கு ஏதும் செய்ய வேணும்போல இருக்கு சித்தி" என்றார். அவர்கள் வெள்ளைக்காரப் பிள்ளைகள், நமக்கு உறவும் இல்லை, சமயமும் இல்லை. திவசம்போல ஏதும் செய்யலாமா? என் கணவர் 83 இல் கடையை இழந்தவர். ஆமி என்ற சொல்லே இந்த வீட்டில் வேண்டாம் என்கிறார். திகதிக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. தெரியாததுபோல இருந்துவிடுவதா? இது மனவருத்தமா, வெறும் கவலையா?

பதில்:

சகோதரி, மூன்று கிழமைதான் இருப்பதால் கடைசியில் கேட்டவற்றில் இருந்து தொடங்குகிறேன். தெரியாததுபோல இருக்காதீர்கள். அவர் வாய்விட்டுக் கேட்டுவிட்டார். இனி நீங்கள் மறந்ததுபோல நடந்தால், அந்த இரண்டு பேரையும் பற்றி இந்த வீட்டிலும் கதைக்க முடியாது என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். "மறந்திடு" என்ற சொல் அன்று செய்த வேலையும் அதுதான். நீங்கள் அன்பாகச் சொன்னீர்கள். அவருக்கோ, தான் மறந்தால் அவர்களை இரண்டாம் முறை சாகவிட்டதாகிவிடும்.

இப்படிக் கேளுங்கள்: "தம்பி, வாற மாசம் அந்தத் திகதி வருகுது. அண்டைக்கு நான் வீட்டிலதான் நிப்பன். அவையளுக்கு என்ன செய்வம்?" பகலில், அவர் குடிக்காத நேரத்தில் கேளுங்கள். மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருந்து முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டாம். மரக்கறி வெட்டும்போதோ, கடற்கரையில் பக்கத்தில் நடக்கும்போதோ கேட்டால் பதில் வரும். வராவிட்டாலும் பரவாயில்லை, இரண்டு நாள் விட்டு இன்னொரு தரம் கேளுங்கள். மூன்றாம் தரம் வேண்டாம்.

இந்தத் துக்கம் ஏன் இவ்வளவு காலம் ஆறாமல் கிடக்கிறது என்பது உங்களுக்கு விளங்கினால் மற்ற வேலை பாதி முடிந்த மாதிரி. பிரித்தானியப் படையினர் ஹெல்மண்டுக்கு ஒரு தடவை போனால் பெரும்பாலும் ஆறு மாதம். நடுவில் யாரும் செத்தால் உடல் விமானத்தில் இங்கிலாந்துக்குப் போகும். 2007 முதல் 2011 வரை அது லைனம் விமானத் தளத்தில் இறங்கி வூட்டன் பாசெட் என்ற சிறு ஊரின் கடைத்தெருவால் போனது. அந்த ஊர்ச் சனம், செத்தவனை ஒரு நாளும் கண்டிராதவர்கள், கடையைச் சாத்திவிட்டு இரண்டு பக்கமும் வரிசையாக நின்று தலை குனிந்தார்கள். ஆனால் செத்தவனுக்குப் பக்கத்தில் நடந்து போனவன் அங்கே இருக்கவில்லை. அவன் ஹெல்மண்டில்தான் நின்றான். முகாமில் ஒரு சிறு வழியனுப்புதல், அதன்பிறகு திரும்பவும் அதே பாதைகளில் ரோந்து. ஆறு மாதம் முடிந்து வீடு வரும்போது செத்தவீடு, அடக்கம் எல்லாம் முடிந்துவிட்டிருக்கும்.

அதாவது உங்கள் பெறாமகன் செத்தவீட்டுக்குப் போகாதவர். இது எப்படியான காயம் என்று நம் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாதை பூட்டியதாலும் விசா கிடைக்காததாலும் தாய் தகப்பனின் கொள்ளிக்குக்கூடப் போக முடியாத எத்தனை பேர் வெள்ளவத்தையில் இருக்கிறார்கள்! அந்த இடத்தில் வைத்து இவரைப் பாருங்கள்.

இன்னொன்று, குண்டின் தன்மை. ஆப்கானிஸ்தானில் பிரித்தானியப் படையில் 457 பேர் இறந்தார்கள். 2009 இல் மட்டும் 108 பேர், 2010 இல் 103 பேர். அந்த இரண்டு வருஷங்களிலும் ஆட்களைக் கூடுதலாகக் கொன்றது புதைத்து வைத்த குண்டுதான். நேருக்கு நேர் சண்டையில் ஒருவனை இழந்தால் கோபத்தைக் காட்ட ஒரு முகமாவது உண்டு. இங்கே முகம் இல்லை. மண் மட்டும்தான். வைத்தவன் எப்போதோ போய்விட்டான். ஆகவே கோபம் இரண்டு பக்கம் திரும்பும்: அந்த ஊர்ச் சனம் முழுவதன்மேலும், அல்லது தன்மேலேயே. உடலும் முழுதாக இருக்காது. எஞ்சியதைச் சேர்த்து எடுத்தவர்கள் பெரும்பாலும் கூட நின்ற பொடியன்களேதான். இதை அவர் சொன்னால் கேளுங்கள். நீங்களாக ஒருபோதும் கிண்டிக் கேட்காதீர்கள்.

டிடெக்டர் பிடித்தவர் அவர் என்று எழுதியிருக்கிறீர்கள். சுமை முழுவதும் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். "உன்னில பிழை இல்லை தம்பி" என்று சொல்ல வாய் வரும். அதை உடனே சொன்னால் அவர் கதையை நிறுத்திவிடுவார், ஏனென்றால் உங்களுக்கு விஷயம் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். உண்மையில் அந்தக் குண்டுகள் டிடெக்டருக்கு அகப்படாமல் இருப்பதற்காகவே உலோகம் மிகக் குறைவாக வைத்துச் செய்யப்பட்டவை. கருவி பிழையில்லாமல் வேலை செய்தாலும், பிடித்தவன் விதிப்படி ஒவ்வொரு அடியும் தடவிப் போனாலும், சில தப்பும். முதலாவது ஆளும் இரண்டாவது ஆளும் மிதித்துப் போன இடத்தில் மூன்றாவது ஆளுக்கு வெடித்ததும் உண்டு. கால் நாலு விரல்கடை தள்ளி விழுந்தாலோ, முதுகுச் சுமையின் பாரம் கூடினாலோ போதும். இதெல்லாம் அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் மனது ஏற்பதில்லை.

இதற்கு மனநலச் சிகிச்சையில் ஒரு முறை இருக்கிறது. ஒரு தாளில் வட்டம் கீறி, அந்தச் சாவுக்குப் பங்கான எல்லாரையும் எல்லாவற்றையும் எழுத வேண்டும்: குண்டைச் செய்தவன், புதைத்தவன், அந்தப் பாதையைத் தெரிந்தெடுத்தவர், கருவியின் எல்லை, மண்ணின் தன்மை, அன்றைய வெளிச்சம், அங்கே படை அனுப்ப முடிவெடுத்தவர்கள். ஒவ்வொன்றுக்கும் வட்டத்தில் ஒரு துண்டு. தன் பங்கை மட்டும் கடைசியில் போட வேண்டும். ஒழுங்கு மாறி முதலில் தன்னைப் போட்டால் வட்டம் முழுவதையும் அவரே எடுத்துக்கொள்வார். இது பயிற்சி பெற்றவரோடு செய்ய வேண்டியது, சாப்பாட்டு மேசையில் அல்ல. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். அவர் "நான் பாத்திருக்க வேணும்" என்றால், "எத்தினை வருஷமா இதைத் தூக்கிக்கொண்டு திரியிறாய்" என்று சொல்லி நிறுத்துங்கள். மறுப்பும் வேண்டாம், ஒப்புதலும் வேண்டாம்.

மனவருத்தமா என்று கேட்டீர்கள். துக்கம் வருத்தம் அல்ல. ஆனால் துக்கத்துக்குள் வருத்தம் ஒளிந்திருக்கலாம், அதுதான் சிக்கல். செத்தவர்களை நினைத்து அழுவது, அந்த மாதத்தில் சோர்ந்துபோவது, திகதிக்கு இரண்டு மூன்று கிழமைக்கு முன்பே நித்திரை கெடுவது, இவையெல்லாம் வருஷா வருஷம் வருகிற துக்கத்தின் இயல்பு. அதற்கு மருந்து தேவையில்லை. குப்பைப் பையைக் கண்டு நடு ரோட்டுக்குப் போவது வேறு. ஹெல்மண்டில் அவரை உயிரோடு வைத்திருந்த பழக்கம் அது. காலி வீதியில் அதே பழக்கம் அவரைப் பஸ்ஸுக்குள் தள்ளிவிடும். இரவில் கத்துவது, சத்தத்துக்குத் துள்ளுவது, வாட்டிய இறைச்சி மணத்துக்கு எழும்பிப் போவது, சனக்கூட்டத்தில் கதவைப் பார்த்தே இருப்பது, இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து வேலையையும் உறவையும் கெடுத்தால் அதை நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடு என்கிறோம். அதற்கு நல்ல வைத்தியம் உண்டு. பதினைந்து வருஷம் கழித்துத் தொடங்கினாலும் பலன் தரும்.

வைத்தியம் என்றால் எது என்று தெரிந்துகொண்டு போங்கள். கொழும்பில் மனநல வைத்தியரைச் சனல் பண்ணினால் கிடைப்பது பெரும்பாலும் பத்துப் பதினைந்து நிமிஷம். மருந்து எழுத அது போதும், இதற்குப் போதாது. மனவடுவை நேராக எடுத்துச் செய்யும் பேச்சுச் சிகிச்சை தேவை. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் அதற்கென்று ஒரு வகை இருக்கிறது. ஈ.எம்.டி.ஆர் என்று கண் அசைவோடு செய்யும் முறையும் இருக்கிறது. சாதாரணமாக 8 முதல் 12 அமர்வு, ஒவ்வொன்றும் ஒரு மணி முதல் ஒன்றரை மணி. ஆகவே போன் பண்ணும்போதே மூன்று விஷயம் கேளுங்கள்: இந்த முறைகளில் பயிற்சி இருக்கிறதா, எத்தனை அமர்வு, குடிப்பழக்கமும் சேர்ந்திருந்தால் எடுப்பாரா. முதல் நாளே "எல்லாத்தையும் கொட்டித் தீர்த்துவிடும்" என்று ஒரே இருப்பில் முழுக் கதையையும் சொல்லவைத்து அனுப்புகிறவரிடம் திரும்பிப் போக வேண்டாம். அந்த ஒரு நாள் முறை உதவாது என்பது மட்டுமல்ல, சிலருக்குக் கூட்டியும் விட்டிருக்கிறது. அவர் ஆங்கிலத்திலேயே கதைக்கட்டும், நடந்தது அந்த மொழியில்தான். நீங்கள் வெளியே இருங்கள்.

அவருடைய லீவு முடிவதற்குள் பன்னிரண்டு அமர்வு முடியாது. முடியாததை இங்கே அரைகுறையாகத் தொடங்குவதைவிட, நித்திரையையும் குடியையும் இங்கே கவனித்துவிட்டு மிச்சத்தை அங்கே தொடங்குவது நல்லது என்பது என் அபிப்பிராயம். இங்கிலாந்தில் முன்னாள் படையினருக்கென்றே தேசிய சுகாதார சேவையில் ஒப் கரேஜ் என்ற பிரிவு இருக்கிறது. அவராகவே நேரடியாகத் தொடர்புகொள்ளலாம். விமானம் ஏறுவதற்கு முன்பே அந்த மின்னஞ்சலை இங்கே, உங்கள் மேசையில் இருந்து அனுப்பச் செய்யுங்கள். போய்ச் செய்கிறேன் என்றால் போய்ச் செய்யமாட்டார்.

இரவில் கத்தும்போது ஓடிப்போய்த் தோளைப் பிடித்து உலுப்பாதீர்கள். கனவில் இருப்பவர் கையை வீசிவிடுவார், பிறகு சித்தியை அடித்துவிட்டேன் என்று இன்னொரு குற்றம் சேரும். கால்மாட்டுப் பக்கம், கை எட்டாத தூரத்தில் நில்லுங்கள். லைட்டைப் போடுங்கள். பெயரைச் சொல்லி, "நான் சித்தி. நீ வெள்ளவத்தையில இருக்கிறாய். இப்ப மூண்டு மணி" என்று இரண்டு மூன்று தரம், ஒரே குரலில். எழும்பியபின் தண்ணீர் கொடுங்கள். என்ன கனவு என்று கேட்க வேண்டாம். யாராவது பட்டாசு கொளுத்தப் போகிறார்கள் என்று முன்னமே தெரிந்தால் அவரிடம் சொல்லிவையுங்கள். ஆடிவேல் ரதம் காலி வீதியால் வருகிற நாளும் அந்தக் காலத்தில்தான் வரும். அந்த நெரிசலுக்குள் அவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம்.

குடி. எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை, எனக்குத் தேவையானது அதுதான். யூலையில் மட்டும், இரவில் மட்டும் என்றால் ஒரு விதம். நாள்தோறும் கால் போத்தல் சாராயம் அல்லது அதற்கு மேல், காலையில் கை நடுங்குகிறது, வேர்க்கிறது, ஒரு வாய் குடித்தால் நிற்கிறது என்றால் வேறு விதம். இரண்டாவது விதமானால் போத்தலை ஒளித்து ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். திடீரென்று விட்டால் ஆறு மணித்தியாலத்தில் இருந்து இரண்டு நாளைக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் ஆள் தடுமாறி, இல்லாததைக் கண்டு பிதற்றும் நிலை வரலாம். அது உயிராபத்து. வைத்தியர் மேற்பார்வையில் குறைக்க வேண்டும். எந்த விதமானாலும், தெரிந்த ஃபார்மசியில் வாங்கிய நித்திரைக் குளிசையை "இண்டைக்கு ஒண்டு போட்டுட்டுப் படு" என்று கொடுக்கவே கூடாது. குடியோடு சேர்ந்தால் மூச்சை அமுக்கும்.

கேட்கக் கூசுகிற கேள்வி ஒன்றையும் நீங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும்: "தம்பி, செத்தாக் காணும் எண்டு யோசிக்கிறனியோ?" கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம், அப்படி வருவதில்லை. ஆம் என்றால், எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறாரா என்று கேளுங்கள். வழியும் நேரமும் சொன்னால் தனியே விடாதீர்கள். வீட்டில் உள்ள குளிசைகளை எல்லாம் எடுத்து வேறு வீட்டில் வையுங்கள். அன்றே தேசிய வைத்தியசாலைக்கோ அங்கொடை தேசிய மனநல நிறுவகத்துக்கோ கொண்டுபோங்கள். நிறுவகத்தின் 1926 இலக்கம் இருபத்துநாலு மணித்தியாலமும் வேலை செய்யும், 1333 க்கும் எடுக்கலாம், அவசர அம்புலன்ஸுக்கு 1990. பொலிஸ் பிரச்சினை வரும் என்று வைத்தியசாலைக்குப் போகத் தயங்குகிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. 1998 முதல் தற்கொலை முயற்சி இலங்கையில் குற்றமல்ல.

இனி, திவசம். செய்யலாம். நம் தர்ப்பண முறையிலேயே காருணிய பிதிர்கள் என்று ஒரு இடம் இருக்கிறது. குரு, சிநேகிதர், எள்ளும் தண்ணீரும் இறைக்க யாரும் இல்லாதவர்கள் எல்லாரும் அதற்குள் அடக்கம். உறவில்லாதவருக்கு இறைப்பது நம் வழக்கத்துக்குப் புறம்பானதல்ல. ஆனால் ஒரு தடை உண்டு. தகப்பன் உயிரோடு இருக்கிறவர் தர்ப்பணம் செய்வதில்லை. உங்கள் அத்தான் இருக்கிறார் என்றால் முகத்துவாரத்துக்குக் கூட்டிக்கொண்டுபோய் ஐயரோடு இருத்துவது சரிவராது, பெரியவர்கள் யாராவது அந்த நேரம் பார்த்து அதைச் சொல்லியும் விடுவார்கள். பதிலாகக் கோயிலில் மோட்ச விளக்கு ஏற்றலாம். முதல் நாளே நீங்கள் போய்க் குருக்களிடம் சொல்லிவையுங்கள்: இரண்டு பேர், வேறு சமயத்தவர், நட்சத்திரமும் கோத்திரமும் தெரியாது, பெயர் மட்டும்தான். அவர் எதிரில் வைத்து "என்ன நட்சத்திரம்? என்ன முறை?" என்று கேள்வி வரக்கூடாது. அந்த ஒரு கேள்வியில் ஆள் திரும்பி வந்துவிடுவார்.

செத்த பிள்ளைகள் கிறிஸ்தவர்கள் என்றால் மெழுகுதிரி பொருத்தமாக இருக்கும். ஆனால் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு அன்று கூட்டிப்போகும் யோசனை இருந்தால் விடுங்கள். 2019 ஏப்ரல் 21 இல் குண்டு வெடித்த இடம் என்று அவருக்கும் தெரியும், வாசல் சோதனையும் சனமும் வேறு. இன்னொரு நாள் போகலாம்.

எனக்கு நல்லதாகப் படுவது, வீட்டில் காலையில் இருபது நிமிஷம். அதற்கு மேல் நீட்ட வேண்டாம். நேரத்தை அவரிடம் கேளுங்கள். வெடித்த நேரம் நிமிஷக் கணக்காக அவருக்குத் தெரியும். ஆப்கானிஸ்தான் நேரம் நமக்கு ஒரு மணித்தியாலம் பின்னால். அங்கே 7.10 என்றால் இங்கே 8.10. அன்று காலை முழுவதும் அவர் மணிக்கூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். ஆகவே அதற்குக் கால் மணி முதல் தொடங்கி, அந்த நிமிஷத்தைத் தனியே இல்லாமல் கடக்கவிட்டு, முடித்துவிடுங்கள்.

சின்ன மேசை ஒன்று, வெள்ளைத் துணி. படம் வைப்பதென்றால் யூனிபோம் இல்லாத படம், அவரிடம் கட்டாயம் ஒன்று இருக்கும். சுவாமிப் படங்களோடு சேர்க்க வேண்டாம், நம் வீட்டில் இறந்தவர்கள் படத்தையும் அப்படி வைப்பதில்லைத்தானே. இரண்டு விளக்கு அல்லது இரண்டு மெழுகுதிரி. திவசத்துக்குச் செத்தவருக்குப் பிடித்ததைப் படைப்போம். இங்கே அவர் விஸ்கி என்று சொல்லக்கூடும், படையாட்களிடம் அப்படி ஒரு பழக்கம் இருக்கிறது. மறுத்துச் சண்டை பிடிக்காமல் இதைக் கேளுங்கள்: "அங்க கூடுதலா என்ன குடிச்சனீங்கள்?" தேத்தண்ணி என்பதுதான் பதிலாக இருக்கும். பிரித்தானியப் படைக்காரனுக்கு ரோந்து முடிந்து வந்தவுடன் முதல் வேலை பால் தேத்தண்ணி ஊற்றுவது. இரண்டு மக்கில் சுடச்சுடப் பால் தேத்தண்ணி வையுங்கள், அவருக்கு மூன்றாவது. சீனி எத்தனை கரண்டி என்று அவரே சொல்லட்டும், பதினைந்து வருஷமாக அது அவருக்கு மறந்திருக்காது.

அந்த நேரத்துக்கு இரண்டு நிமிஷம் மௌனம். அது அவர்கள் முறை, அவருக்குப் பழகியது. தேவாரம் பாட வேண்டும்போல இருந்தால் அவரிடம் கேட்டு ஒன்று பாடுங்கள், ஒன்று போதும். பிறகு அவர் ஏதாவது சொல்ல விரும்பினால் சொல்லட்டும். முடிந்ததும் வீட்டுக்குள் இருக்க விடாதீர்கள். கடற்கரைக்கு நடத்திக் கூட்டிப்போங்கள், ஒரு மணித்தியாலம். மத்தியானம் மரக்கறிச் சாப்பாடு, இரண்டு பார்சல் கூடுதலாகக் கட்டி யாருக்காவது கொடுங்கள். கொடுப்பது அவர் கையால் இருக்கட்டும். இரவைப் பற்றி முன்பே பேசிவையுங்கள்: அன்று குடிப்பதில்லை, அல்லது அவர் அதற்கு இணங்காவிட்டால் உங்கள் முன்னால், அளவு முன்பே சொல்லி. அளவு சொன்னால் அவர் அந்த அளவோடு நிற்கிறாரா என்று உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மறுநாளும் யாராவது வீட்டில் நில்லுங்கள். திகதியை எப்படியோ தாக்குப்பிடித்துவிட்டு அடுத்த நாள் விழுகிறவர்கள் உண்டு.

உங்கள் கணவர். அவருக்கும் யூலைதான். கறுப்பு யூலையில் கடையை எரியக்கொடுத்தவர் வீட்டில் யூனிபோம் படம் வைக்கச் சொல்லி யாரும் கேட்க முடியாது, கேட்கவும் வேண்டாம். அவர் மேசைக்கு வர வேண்டியதில்லை. அந்த ஒரு மணித்தியாலம் வெளியே போய் வரட்டும். ஒன்று மட்டும் அவரிடம் கேளுங்கள்: அந்தக் கிழமையில் "அடுத்தவன்ர சண்டைக்குப் போனவன்" என்ற பேச்சு வேண்டாம், "நாங்கள் பாத்ததை விடவா" என்பதும் வேண்டாம். பிற்பாடு ஒருநாள், பெறாமகன் கேட்டால், 83 இல் தனக்கு நடந்ததை அவர் சொல்லலாம். சொன்னால் நல்லது என்றே நினைக்கிறேன், இரண்டு பேரும் குண்டையும் நெருப்பையும் பற்றி வேறு யாரோடும் கதைப்பதில்லை. ஆனால் பதிலடியாகச் சொல்லக்கூடாது. இது வெளிநாட்டான் துக்கம் என்று அவர் சொன்னால் நினைவூட்டுங்கள்: 2019 சனவரி 25 இல் மாலியில் ஐ.நா. அமைதிப் பணியில் இருந்த இலங்கைப் படையினர் இரண்டு பேர் இதே மாதிரி ரோட்டோரக் குண்டில்தான் செத்தார்கள். இந்தத் தீவில் இரண்டு வீட்டிலும் இந்தத் துக்கம் இருக்கிறது. அயலவர் கேட்டால் "தம்பியின்ர சிநேகிதர் ரெண்டு பேரின்ர திவசம்" என்றால் போதும்.

செத்த பிள்ளைகளின் தாய்மாருக்கு அவர் எழுதியிருக்கிறாரா? பெரும்பாலும் எழுதியிருக்கமாட்டார். அவர்கள் எப்படிச் செத்தார்கள் என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம். இங்கிலாந்தில் இப்படியான சாவுக்குப் பொது மரண விசாரணை நடக்கும், தாய் தகப்பனுக்கு அங்கேயே விபரம் சொல்லப்பட்டிருக்கும். ஆகவே சொல்லும் பாரம் அவர் தலையில் இல்லை என்பதைச் சொல்லுங்கள். எழுத விரும்பினால் கையெழுத்தில் ஒரு பக்கம். மகனின் பெயர், தான் யார், அவன் செய்த ஒரு சின்ன விஷயம், சிரிக்கவைத்தது, பகிர்ந்து சாப்பிட்டது, இப்படி ஏதாவது. காயத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம், அது ஒரு தாயிடம் இன்னொரு வேலையைக் கொடுப்பது. பதில் எதிர்பார்க்கவில்லை என்று ஒரு வரி. நேரே அனுப்பாமல் படைப்பிரிவின் சங்கத்தின் மூலம் அனுப்பினால், வாசிப்பதா விடுவதா என்று அவர்களே தீர்மானிக்கலாம்.

திரும்பிப் போனபின் ஸ்டஃபோட்ஷயரில் உள்ள தேசிய நினைவு வனத்துக்குப் போய் வரச் சொல்லுங்கள். ஆயுதப்படை நினைவகச் சுவரில் அந்த இரண்டு பெயரும் வருஷ வாரியாகச் செதுக்கியிருக்கும். ஹெல்மண்டில் பாஸ்டியன் முகாமில் நின்ற நினைவுச் சுவரின் வடிவமும் அங்கேயே திரும்பக் கட்டப்பட்டிருக்கிறது. தனியே போகாமல், கூட நின்றவர்களில் ஒருவரோடு போகட்டும்.

பெயர்கள் வாயில் வராது என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். அவற்றைத் தமிழில் ஒரு துண்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். அன்று காலை விளக்கு ஏற்றும்போது நீங்களே வாசியுங்கள். பிழையாக வாசித்தால் திருத்துவார். திருத்தட்டும், இன்னொரு தரம் வாசியுங்கள்.